சாவியும் ஓர் அமானிதம்தான்





சென்ற ஆண்டு ஓரிரவு, இஷாத் தொழுகைக்குப் பின் மறுநாள் பாடத்திற்கான குறிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. அழைத்தவர் எனக்கு நன்கு அறிமுகமானவர். பெரம்பலூர் வட்டாரத்தில் சிறு வணிகம் செய்பவர். முதல் வரிசைத் தொழுகையைத் தவறவிடாதவர். அவருடைய குரல் நடுங்கியது.

"ஹஜ்ரத், அவசரமா ஒரு மஸ்அலா கேக்கணும். மகன் கார எடுத்துட்டுப் போயி சைக்கிள்ல வந்த ஒரு பெரியவர் மேல மோதிட்டான். பெரியவருக்குக் கால் முறிஞ்சிருக்கு. ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சு. பையனுக்குப் பதினேழு வயசுதான், லைசென்ஸ் கிடையாது. அவன் மாமாகிட்ட லைசென்ஸ் இருக்கு. மாமாதான் ஓட்டினாருன்னு சொன்னா இன்சூரன்ஸ் கிடைச்சிரும், அந்தப் பெரியவருக்கும் நல்லதுதானே? மார்க்கத்துல இதுக்கு இடமிருக்கா?"

'இடமில்லை' என்று அந்தக் கணமே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "நாளை லுஹருக்குப் பின் பேசுகிறேன்" என்று கூறி வைத்துவிட்டேன். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அந்தப் பெரியவரின் நலனை அவர் முன்னிறுத்தியதால் சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது என்று அறிய விரும்பினேன் என்பது ஒன்று. மற்றொன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதே வாரத்தில் மத்ரஸாவுக்கு அரிசி வாங்கிவர, பதினாறு வயது மாணவன் ஒருவனிடம் என் ஸ்கூட்டர் சாவியை நானே கொடுத்திருந்தேன். அவன் பத்திரமாகப் போய்த் திரும்பினான். அதனால் அந்தச் செயல் எனக்குக் குற்றமாகவே தோன்றியிருக்கவில்லை. எனக்கும் அந்தத் தந்தைக்கும் இருந்த வேறுபாடு, மிதிவண்டியில் ஒருவர் குறுக்கே வராதது மட்டுமே.

மறுநாள் காலை, சிறுவயதில் என்னிடம் ஓதி இன்று வழக்கறிஞராக இருக்கும் ஒருவரிடம் விளக்கம் கேட்டேன். அவரிடம் கேட்டறிந்தவற்றையும், அதன்பின் நான் படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் மார்க்கத்தின் வெளிச்சத்தில் உங்கள் முன் வைக்கிறேன்.

சட்டம் யாரைப் பிடிக்கிறது?

உரிமமின்றி ஓட்டினால் காவலர் அபராதம் விதிப்பார், கட்டிவிட்டு வந்துவிடலாம் என்பதே நம்மில் பலருடைய எண்ணம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அவ்வளவு எளிமையானதன்று. அதன் 3ஆம் பிரிவு உரிமமின்றி ஓட்டுவதைத் தடுக்கிறது. 5ஆம் பிரிவு, உரிமம் இல்லாதவரை ஓட்ட அனுமதிக்கக் கூடாது என்று உரிமையாளருக்குக் கட்டளையிடுகிறது. ஓட்டியவருக்கு 181ஆம் பிரிவின்படியும், ஓட்டக் கொடுத்தவருக்கு 180ஆம் பிரிவின்படியும் தண்டனை உண்டு. முன்பு ஓட்டியவருக்கு 500 ரூபாயும் கொடுத்தவருக்கு 1,000 ரூபாயும் என்றிருந்த அபராதம் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இருவருக்கும் 5,000 ரூபாயாக உயர்ந்தது. மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. உயர்த்தப்பட்ட அபராதங்கள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளன.

ஓட்டியவர் பதினெட்டு வயது நிரம்பாதவராயின் 199-ஏ பிரிவு வந்து நிற்கிறது. அப்போது குற்றவாளியாகக் கருதப்படுபவர் பெற்றோர் அல்லது பாதுகாவலர் அல்லது வாகன உரிமையாளர். மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வாகனப் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு இரத்து. அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது நிறையும் வரை உரிமம் கிடையாது. 'எனக்குத் தெரியாமல் நடந்தது' என்றோ, 'தடுக்க எல்லா முயற்சியும் செய்தேன்' என்றோ நிரூபிக்கும் பொறுப்பு தந்தையைச் சேர்ந்தது. சாவியைத் தன் கையாலேயே கொடுத்தவர் எதை நிரூபிப்பார்? 2024 மே மாதம் புனே நகரில் பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டிய விலையுயர்ந்த கார் மோதி இளைஞர் இருவர் உயிரிழந்தபோது, அச்சிறுவனின் தந்தையும் கைது செய்யப்பட்டதை நாம் செய்தித்தாள்களில் படித்தோம்.

'பதினாறு வயதில் உரிமம் எடுக்கலாமே' என்று சிலர் கேட்பர். அந்த அனுமதி 50 சிசிக்கு மேற்படாத எஞ்சின் கொண்ட இருசக்கர வண்டிக்கு உரியது. இன்று நம் வீட்டு வாசல்களில் நிற்கும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சிசிக்கு மேற்பட்டவை. எல்.எல்.ஆர். எனும் பழகுநர் உரிமம் வைத்திருப்பவரும் தனியாகக் காரோட்ட இயலாது. வண்டியில் 'எல்' அட்டை இருக்க வேண்டும். உரிமம் பெற்ற ஒருவர், வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் அருகில் அமர்ந்திருக்க வேண்டும். இதைக் கடைப்பிடித்தால்தான் காப்பீட்டுப் பத்திரத்தின் ஓட்டுநர் நிபந்தனையும் நிறைவேறும்.

நம் ஊர்களுக்கே உரிய ஒரு நிலைமையையும் சொல்ல வேண்டும். லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது கடல் கடந்து உழைக்கிறார். வண்டி அத்தாவின் பெயரில் இருக்கும். அத்தா ரியாத்திலோ துபாயிலோ இருப்பார். வண்டி மகனின் கையில் இருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர். அவர் ஊரில் இல்லை என்பது பொறுப்பிலிருந்து அவரைத் தானாக விடுவித்துவிடாது. விடுமுறையில் வருபவர்கள், பல ஆண்டுகள் அங்கே ஓட்டிய பழக்கத்தில் வளைகுடா உரிமத்தோடு இங்கே காரை எடுக்கிறார்கள். நம் சட்டம் 'ஓட்டுநர் உரிமம்' என்று குறிப்பது இந்நாட்டுச் சட்டத்தின்படி வழங்கப்பட்டதையே. இங்கே எடுத்த பழைய உரிமம் காலாவதியாகியிருந்தால், விமானத்திலிருந்து இறங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலைகளில் ஒன்று அதைப் புதுப்பிப்பது. பழைய வண்டியை விற்றுவிட்டுப் பெயர் மாற்றாமல் இருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. பதிவில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாக்கியுள்ளது.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்ற எண்ணம்

காப்பீடு இரு வகையான இழப்புகளைப் பற்றியது. நம் வண்டிக்கும் நமக்கும் நேரும் இழப்பு ஒன்று. நம் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்பு மற்றொன்று. இரண்டாவதற்கான மூன்றாம் நபர் காப்பீட்டைச் சட்டத்தின் 146ஆம் பிரிவு கட்டாயமாக்குகிறது. அது இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய், மறுமுறை 4,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு.

உரிமம் இல்லாதவர் ஓட்டி நம் வண்டி நொறுங்கினால், பழுதுச் செலவைத் தர நிறுவனம் மறுக்கலாம். ஓட்டும் உரிமையாளருக்கென உள்ள 15 இலட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் செல்லுபடியாகும் உரிமம் உடையவருக்கே உரியது. ஆண்டுதோறும் தவணை கட்டியிருந்தாலும் உரிமமின்றி ஓட்டி இறந்தவரின் மனைவி அந்தத் தொகையைப் பெற இயலாது போகலாம்.

பிறருக்கு நேர்ந்த இழப்பில் சட்டம் சற்றுக் கருணையோடு நடந்துகொள்கிறது. பாதிக்கப்பட்டவர் ஓட்டுநரின் உரிமத்தைப் பார்த்துவிட்டு அடிபடவில்லையே! இந்த நியாயத்தை உணர்ந்து, 2004 ஜனவரியில் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு விரிவான தீர்ப்பொன்றை வழங்கியது. உரிமம் இல்லை என்று காட்டினால் மட்டும் நிறுவனம் தப்பிவிட முடியாது. உரிமையாளர் கவனக்குறைவாக இருந்தார் என்பதையும் அது நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் பணத்தைச் செலுத்திவிட்டுப் பின்னர் உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளுமாறு தீர்ப்பாயம் உத்தரவிடலாம். வசூலிப்பதற்குத் தனி வழக்குக்கூடத் தேவையில்லை என்று அதே ஆண்டு வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. உரிமையாளரிடம் பிணை கேட்கலாம். வண்டியைப் பற்றுகை செய்யலாம்.

நேர்மையாக நடந்த உரிமையாளரை நீதிமன்றம் கைவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வேலைக்கு அமர்த்தும்போது உரிமத்தை வாங்கிப் பார்த்து, ஓட்டும் திறமையையும் சோதித்தவர், பின்னாளில் அந்த உரிமம் போலி என்று தெரியவந்தால் அதற்காகப் பழி சுமக்க வேண்டியதில்லை என்று 2020இல் தீர்ப்பு வந்துள்ளது. இலகுரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோ எடைக்கு உட்பட்ட சரக்கு அல்லது வாடகை வாகனத்தைத் தனி ஒப்புதலின்றி ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று ஐவர் கொண்ட அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது. உரிமம் இல்லாத ஒரு பிள்ளை வேறொருவர் தவற்றால் அடிபட்டால், உரிமம் இல்லை என்ற ஒரே காரணத்தால் அவன்மீதும் பழி பங்கிடப்படாது என்று 2008இலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆகவே சட்டம் கண்மூடித் தண்டிப்பதில்லை. உரிமையாளர் செய்ய வேண்டியதைச் செய்தாரா என்றே அது கேட்கிறது.

செய்யவில்லையென்றால் எவ்வளவு? தீர்ப்பாயங்கள் பின்பற்றும் கணக்கைச் சொல்கிறேன். முப்பது வயதுத் தொழிலாளி ஒருவர் மாதம் 15,000 ரூபாய் ஈட்டுகிறார். மனைவி, இரு பிள்ளைகள், தாய் என நால்வர் அவரை நம்பியுள்ளனர். அவர் விபத்தில் இறந்தால் ஆண்டு வருமானம் 1,80,000. எதிர்கால உயர்வுக்கு நாற்பது விழுக்காடு சேர்த்தால் 2,52,000. அவருடைய சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 1,89,000. அவர் வயதுக்குரிய பெருக்கெண் 17. பெருக்கினால் 32,13,000 ரூபாய். துணையையும் தந்தையையும் இழந்ததற்கான தொகை, இறுதிச் சடங்குச் செலவு, வட்டி ஆகியவை இதற்கு மேல். நிறுவனம் இதைச் செலுத்திவிட்டு உரிமையாளரின் வாசலுக்கு வரும்போது, நம்மில் எத்தனை பேருடைய வீடு அந்தக் கடனைத் தாங்கும்?

ஆள் மாற்றினால் யாருக்கு இலாபம்?

இப்போது அந்தத் தந்தையின் கேள்விக்கு வருகிறேன். ஆள் மாற்றிச் சொன்னால் பாதிக்கப்பட்டவருக்கு நல்லது என்றார். நம் ஊர்ப் பெரியவர்கள் சிலரும் விபத்து நடந்ததும் இதைத்தான் முதல் யோசனையாகச் சொல்கிறார்கள். இதை உதவி என்றே நம்புகிறார்கள்.

நான் கேட்டறிந்தபின் எனக்குத் தெளிந்தது இதுதான். 'முதலில் செலுத்து, பின் வசூலி' என்ற உத்தரவு வருமானால், உண்மையைச் சொன்னாலும் பெரியவருக்குரிய இழப்பீடு நிறுவனத்திடமிருந்தே அவருக்குக் கிடைத்துவிடும். பொய்யால் அவருக்கு ஒரு ரூபாயும் கூடுவதில்லை. உரிமையாளர் தலையில் விழ வேண்டிய கடன் வேறிடத்துக்கு மாற்றப்படுகிறது, அவ்வளவே. அந்தப் பொய்யின் பயன் முழுவதும் பொய் சொன்னவருக்கே போகிறது.

'அப்படிப்பட்ட உத்தரவு வராவிட்டால்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் இப்பிரிவின் வாசகம் மாறியிருப்பதால், நிறுவனத்தின் பொறுப்பு எதுவரை நீளும் என்று வழக்கறிஞர்கள் வாதிட்டு வருகிறார்கள். நிறுவனம் தரவேண்டியதில்லை என்றே முடிவானாலும் அந்தப் பெரியவருக்குக் கொடுக்க வேண்டியவர் யார்? காரின் உரிமையாளர். தம் சொத்தை விற்றாவது கொடுக்க வேண்டிய கடமை அவருடையது. அந்தக் கடமையிலிருந்து நழுவுவதற்காகச் சொல்லப்படும் பொய்க்கு 'ஏழைக்கு உதவி' என்று பெயர் சூட்டுவதுதான் எனக்கு மிகுந்த வேதனை அளிக்கிறது.

பொய் நிலைத்து நிற்பதும் இல்லை. மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு, சாலையோரக் கண்காணிப்புக் கேமரா, கைப்பேசி இருந்த இடம், நேரில் கண்டவர்கள் என்று எத்தனையோ சாட்சிகள். காப்பீட்டு நிறுவனங்கள் விசாரிப்பதற்கென்றே ஆட்களை அனுப்புகின்றன. பொய் வெளிப்பட்டால் வழக்கு இழுபடும். காத்திருந்து நலிவது அந்தப் பெரியவர்தான். செய்யாத குற்றத்தைத் தலையில் ஏற்றுக்கொண்ட மாமாவோ, விபத்து வழக்கோடு பொய்ச்சாட்சி வழக்கையும் சேர்த்துச் சுமப்பார்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

சூரா அந்நிஸாவின் 135ஆம் வசனம், நமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருப்பினும் நீதியில் நிலைத்து அல்லாஹ்வுக்காகச் சாட்சி சொல்லுமாறு கட்டளையிடுகிறது. 'மகனைக் காப்பாற்றத்தானே' என்ற வாதத்தை அல்லாஹ் முன்கூட்டியே எடுத்துக்கொண்டு விடை தந்துவிட்டான். பெரும்பாவங்களை எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்த நபிகளார் (ஸல்) அவர்கள், சாய்ந்திருந்த நிலையிலிருந்து நிமிர்ந்து அமர்ந்து, பொய்ச்சாட்சியைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்ததாக ஸஹீஹுல் புகாரியில் நாம் ஓதுகிறோம். மிம்பரில் அதைச் சொல்லிக் கேட்டவர்கள்தாம் காவல் நிலைய வாசலில் ஆள் மாற்றுகிறார்கள்.

தவறுதலாக ஓர் உயிர் போனாலும் இறந்தவரின் குடும்பத்துக்கு 'தியத்' எனும் இழப்பீட்டை ஒப்படைக்க வேண்டும் என்று அதே சூராவின் 92ஆம் வசனம் விதிக்கிறது. வேண்டுமென்று செய்யவில்லை என்பது பாவத்தின் கனத்தைக் குறைக்கலாம். அந்தக் குடும்பத்தின் உரிமையைக் குறைப்பதில்லை. மருத்துவம் கற்றவர் என்று அறியப்படாத ஒருவர் வைத்தியம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூத், நஸயீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் வந்துள்ளது. திறமை இருக்கிறது என்று தானே எண்ணிக்கொள்வது போதாது. அது அறியப்பட்டிருக்கவும் வேண்டும். நம் காலத்தில் ஓட்டும் திறமை அறியப்படும் வழி, ஆர்.டி.ஓ. அலுவலகம் சோதித்து வழங்கும் உரிமம். 'அவன் நல்லா ஓட்டுவான் ஹஜ்ரத்' என்பவர்களுக்கு என் விடை இதுவே.

ஓட்டியவரோடு கொடுத்தவரையும் சேர்த்துப் பேசுவது நவீனச் சட்டத்தின் புதுமையன்று. நேரடியாகச் செய்தவர் வேண்டுமென்று செய்யாவிட்டாலும் பொறுப்பாளி. காரணமாக அமைந்தவர் வரம்பு மீறியிருந்தால் பொறுப்பாளி என்பது ஹனஃபி ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. உஸ்மானியப் பேரரசின் சட்டத் தொகுப்பான மஜல்லாவில் 92, 93ஆம் பிரிவுகளாக அது இடம்பெற்றது. உரிமம் இல்லை என்று தெரிந்தே சாவியை நீட்டுவது வரம்பு மீறல் அன்றி வேறென்ன? சாலை விதிகளைப் பேணுவது மார்க்க அடிப்படையிலும் கடமையே என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1993இல் புருனேயில் கூடிய அமர்வில் முடிவெடுத்துள்ளது.

'இன்சூரன்ஸே கூடுமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கும்போது அந்த நிறுவனத்தை ஏமாற்றினால் என்ன?' என்று படித்த இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டார். வணிகக் காப்பீடு பற்றி அதே அகாடமி 1985இல் ஜித்தாவில் எதிர்மறையான முடிவெடுத்தது உண்மை. சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாம் நபர் காப்பீட்டை நிர்ப்பந்தத்தின் அடிப்படையில் அனுமதித்த உலமாக்கள் பலர் உள்ளனர். அதற்கு மேற்பட்டதை நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். ஆனால் ஒரு விஷயத்தில் குழப்பமே இல்லை. ஓர் ஒப்பந்தத்தைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருப்பது, அதில் பொய் சொல்வதற்கு அனுமதியாகாது. கையெழுத்திட்டபின், உரிமம் உள்ளவரே ஓட்டுவார் என்பதும் நாம் கொடுத்த வாக்குறுதிதான். ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு சூரா அல்மாயிதா தன் முதல் வசனத்திலேயே பணிக்கிறது.

அரியலூர் கற்றுத்தந்த பாடம்

அரியலூர் என்றவுடன் மூத்தவர்கள் நினைவுக்கு வருவது 1956 நவம்பர் 23. பெருமழையில் மருதையாற்றுப் பாலம் உடைந்து, சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவுத் தொடர்வண்டி ஆற்றில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போதைய இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். வண்டியை ஓட்டியவர் அவரல்லர். பாலத்தைக் கட்டியவரும் அவரல்லர். தம் பொறுப்பில் உள்ள துறையில் நேர்ந்தது தம்மைச் சேர்ந்தது என்று ஏற்றுக்கொண்டார். ஒவ்வொருவரும் மேய்ப்பரே, தம் மந்தையைக் குறித்து ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவர் என்ற நபிமொழியைச் சிறுவர்களுக்கு மனப்பாடம் செய்விக்கும் நாம், அதன் செயல்விளக்கம் நம் மண்ணோடு சேர்ந்த வரலாற்றிலேயே இருப்பதை மறந்துவிட்டோம்.

இன்று நம் சாலைகள் எப்படி இருக்கின்றன என்பதை நான் சொல்லத் தேவையில்லை. பாடாலூர், சிறுவாச்சூர், பெரம்பலூர் வழியாகச் செல்லும் சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் வண்டிகள் பறக்கின்றன. அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட்டும் ஏற்றிய கனரக வண்டிகள் இரவு பகலாக ஓடுகின்றன. இவற்றின் நடுவே பள்ளி செல்லும் பிள்ளைகளும், வயலுக்குப் போகும் பெண்களும், மிதிவண்டியில் வரும் முதியவர்களும் நடமாடுகிறார்கள். அவர்களில் எவரும் நம் பாலிசியில் கையெழுத்திட்டவர் அல்லர். ஆனால் நம் கவனத்தை நம்பித்தான் அவர்கள் சாலையில் இறங்குகிறார்கள். அந்த நம்பிக்கையும் ஓர் அமானிதம்.

நாம் செய்ய வேண்டியவை

ஜமாஅத் நிர்வாகிகளிடம் என் வேண்டுகோள் சில உண்டு. நிகாஹ் நாளில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும், ரமழான் இரவுகளில் தராவீஹுக்குப் பின் சுற்றுவதற்கும் சிறுவர் கையில் வண்டி கொடுக்கும் வழக்கத்தை ஜும்ஆ மேடையில் வெளிப்படையாகக் கண்டியுங்கள். ஜனாஸா வாகனத்துக்கும் மத்ரஸா வாகனத்துக்கும் ஓட்டுநரை அமர்த்தும்போது உரிமத்தின் நகலையும், அது எதுவரை செல்லும் என்ற தேதியையும் கோப்பில் வையுங்கள். விபத்துக்குப் பின் ஆள் மாற்றும் பேச்சு எழுந்தால் ஜமாஅத் பெயரால் எவரும் அதற்குத் துணைபோக மாட்டோம் என்று முடிவெடுங்கள்.

கண்டிப்பது மட்டும் போதாது. உரிமம் எடுக்காமல் இருப்பவர்களில் பலர் அலட்சியக்காரர்கள் அல்லர். விண்ணப்பிக்கும் முறை தெரியாதவர்கள், அலுவலகம் என்றாலே அஞ்சுபவர்கள். சரக்கு வண்டி, வாடகை வண்டி ஓட்ட எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்ற விதி 2019இலேயே நீக்கப்பட்டுவிட்டது. இதை அறியாமல் இன்னும் ஒதுங்கி நிற்போர் இருக்கலாம். கணினி தெரிந்த இளைஞர்கள் வாரத்தில் ஒரு மாலை பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து, 'சாரதி' இணையதளத்தில் விண்ணப்பிக்க உதவினால் அது சிறந்த ஸதகா. அத்தகைய உதவியை மதம் பாராமல் ஊரார் அனைவருக்கும் செய்யுங்கள். சாலை அனைவருக்கும் பொதுவானது.

கடல் கடந்து வாழும் தந்தையரே, மகன் அழுது கேட்கிறான் என்று அங்கிருந்தே பணம் அனுப்பிப் பைக் வாங்கித் தராதீர்கள். பதினெட்டு வயதாகட்டும், உரிமம் எடுக்கட்டும், பிறகு வாங்கிக் கொடுங்கள். தாய்மார்களே, "கடைக்குத்தானே, சீக்கிரம் போயிட்டு வா" என்று சாவியை எடுத்துத் தருவது பெரும்பாலும் உங்கள் கைதான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்குமாறு கற்பித்த மார்க்கம் நம்முடையது. கட்டாமல் விட்டுவிட்டுக் களா கத்ர் என்பது ஈமானின் அடையாளமன்று.

அந்தத் தந்தைக்கு மறுநாள் லுஹருக்குப் பின் நான் சொன்னவை இவைதாம்: "உண்மையைச் சொல்லுங்கள். மருத்துவச் செலவை இன்றே நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். மகனை அழைத்துச் சென்று பெரியவரிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். வழக்கை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்." நீண்ட நேரம் அவர் பேசவில்லை. பின்னர், "நீங்க சொல்றது சரிதான் ஹஜ்ரத். ஆனா கஷ்டமா இருக்கு" என்றார். அவர் உண்மையையே சொன்னார். வழக்கு இன்னும் நடக்கிறது. செலவுக்காக மனையொன்றை விற்றார் என்று கேள்விப்பட்டேன். வழியில் கண்டால் ஸலாம் சொல்கிறார். முன்போல் நின்று பேசுவதில்லை. அவர் மீது எனக்கு வருத்தமில்லை. நான் சொன்ன விடைக்கான விலையை அவர்தான் கொடுத்தார்.

அந்தப் பெரியவர் இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். அல்லாஹ் அவருக்கு முழு ஆரோக்கியத்தைத் தருவானாக.

மத்ரஸாவில் இப்போது என் ஸ்கூட்டர் சாவி என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. அரிசி வாங்க நானே போகிறேன். அந்த மாணவன் ஒருநாள், "ஏன் ஹஜ்ரத், நான் நல்லாத்தானே ஓட்டினேன்?" என்று கேட்டான். "நீ நல்லாத்தான் ஓட்டினாய். தவறு செய்தவன் நான்" என்றேன்.

அல்லாஹ் நம் அனைவரின் பயணங்களையும் பாதுகாப்பானவையாக ஆக்குவானாக. நம் கைகளால் பிறருக்குத் தீங்கு நேராமல் காப்பானாக. ஆமீன்.